இரண்டு துணைத்தலைவர்களின் நீளம்

விவசாயிகள் வரிசையில் நிற்கும் அவலத்தைத் தென்குமரி நெல் உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஒழித்து மூன்று வருடம் ஆகிறது. முன்பெல்லாம் அறுப்பு முடிந்ததும் நெல்லை விற்கக் கொள்முதல் கிட்டங்கி வாசலில் நின்று டோக்கன் வாங்கினார்கள். இப்போது வாசலில் யாரும் இல்லை. டோக்கனை இணையப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் திறப்பதில்லை.

பக்கத்தின் பெயர் ‘பொற்கதிர்’. தினமும் காலை பத்து மணிக்கு நாற்பது டோக்கன் வெளியாகும். விவசாயி தன் எண்ணைப் போட்டு நுழைந்த ஐந்து நிமிடத்துக்குள் டோக்கனை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பக்கம் அவரை வெளியே தள்ளிவிடும். போன பருவம் முழுவதிலும் டோக்கனோடு வெளியே வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் நாகர்கோவிலில் பல் மருத்துவர். அவருக்கு வயல் கிடையாது. வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்தது.

மூன்று பேர்தான் டோக்கன் எடுத்தார்கள் என்பதால் மாவட்டத்தில் மூன்று பேரிடம்தான் நெல் இருக்கிறது என்று கூட்டமைப்பு கண்டறிந்தது. அதை ஆண்டறிக்கையில் அச்சிட்டது. புகார் ஒன்றுகூட வரவில்லை என்றும் அச்சிட்டது. புகார்ப் பெட்டியும் பொற்கதிருக்குள்தான் இருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஓர் அரசுக் கடிதம் வந்தது. பொற்கதிர் எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது, தாமதம் இருந்தால் எங்கே என்று அளந்து அறிக்கை அனுப்பவும் என்றது. அதற்காகத்தான் தக்கலை அலுவலகத்தில் ஜினியை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அவள் கணினி அறிவியலில் பட்டம் பெற்றவள். திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். செயலாளர் அனில்குமார் நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அளந்தா வேகம் கூடுமா?”

“அளந்தா எங்க மெதுவா இருக்குன்னு தெரியும் சார்.”

“தெரிஞ்சா போரும்,” என்றார். “அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம்தான் அவளுடைய அப்பா செல்வதாஸ் கன்னிப்பூ நெல் அறுத்தார். பத்மநாபபுரத்துக்கு அப்பால் வயல் ஏலாவில் இரண்டரை ஏக்கர். நெல் களத்தில் குவிந்து கிடந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது, மத்தியானமானால் கிழக்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. ஈர நெல்லை எந்த வியாபாரியும் தொடமாட்டான். மழை பிடிப்பதற்குள் நெல் கிட்டங்கிக்குப் போக வேண்டும். கிட்டங்கிக்குப் போக டோக்கன் வேண்டும்.

செல்வதாஸ் தினமும் பத்து மணிக்குக் களத்தின் ஓரத்தில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தே காலுக்கு மகளை அழைத்தார்.

“ஏட்டி, ஒரு வட்டம் கறங்கிட்டே கெடக்கு. பின்ன பூ விழுது. பின்ன வெளிய போன்னு சொல்லுது. நான் வல்ல தப்பும் செஞ்சேனா?”

“நீங்க ஒண்ணும் செய்யல்லப்பா.”

“ஒனக்க ஆபீஸுதானே. ஒரு டோக்கன் எடுத்துத் தரப்பிடாதா?”

“அங்கயும் இதே பக்கம்தான்பா.”

“அப்போ நீ அங்க என்னத்த செய்யுத?”

“எதனால தொறக்கலன்னு பாக்கேன்.”

“பாரு மக்கா,” என்றார் செல்வதாஸ். “மழைக்கு முன்ன பாரு.”

அவள் பார்த்தாள். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, ப்ரொஃபைலர் என்பார்கள். ஒரு பக்கம் திறக்கும்போது எந்தெந்த வேலை நடக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி தின்கிறது என்று அது எழுதிவைக்கும். ஜினி முதலில் முன்பக்கத்தை அளந்தாள். அதாவது, விவசாயியின் போனில் வந்து இறங்குவதை.

முதலில் இறங்கியது திறப்புவிழா வீடியோ. ஒன்பது நிமிடம் ஓடுவது. யாரும் அதை ஓடவிட வேண்டாம். ஆனால் முழுவதும் இறங்கியாக வேண்டும். அடுத்தது நிர்வாகிகள் இருபத்தாறு பேரின் படங்கள். கல்யாண ஸ்டூடியோவில் எடுத்தவை, எடுத்த அளவிலேயே இருந்தன. துணைத்தலைவர் குமாரதாஸின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவின் கம்பெனிப் பெயரைப் படிக்க முடிந்தது. கடைசியாகப் பூ. திறப்புவிழா அன்று திரையில் மேலிருந்து கீழே பிச்சிப்பூ தூவ ஏற்பாடு செய்திருந்தார்கள். மூவாயிரம் பூ. அன்று தொடங்கிய தூவலை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. மூன்று வருடமாகப் பூ விழுந்துகொண்டிருந்தது. எல்லாப் பூவும் விழுந்த பிறகே டோக்கன் பொத்தான் தெரியும்.

பின்பக்கத்தை, அதாவது சர்வரில் நடப்பதை அளக்க இரண்டு நாள் ஆனது. அங்கே அவள் கண்டது ஒரு சமாதான உடன்படிக்கை.

கூட்டமைப்புக்கு இரண்டு துணைத்தலைவர்கள், குமாரதாஸும் ரசலையனும். இந்த ஊரில் ஒரு விழா நோட்டீஸ் அடித்தால் நிகழ்ச்சி பாதி தாளில் அடங்கும். பெயர்களுக்கு நாலு பக்கம் வேண்டும். யார் பெயர் யாருக்கு மேலே என்பதில் பந்தலே பிரிந்துபோயிருக்கிறது. பொற்கதிர் ஒரு நோட்டீஸாகத்தான் பிறந்தது. யார் படம் முதலில் என்பதில் திறப்புவிழா மூன்று முறை தள்ளிப்போனது. கடைசியில் பக்கத்தைச் செய்த கம்பெனி ஒரு வழி சொன்னது. ஒருவர் திறக்கும்போது குமாரதாஸ் முதலில், அடுத்தவர் திறக்கும்போது ரசலையன் முதலில். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். கணக்கு பிசகாமலிருக்க, ஒரு விவசாயிக்கு இரண்டு முகங்களையும் காட்டி முடித்து, சரிபார்த்து, குறித்துவைக்கும்வரை மற்ற எல்லா விவசாயிகளையும் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்க வேண்டும். ஒருவருக்கு நான்கு நொடி. பத்து மணிக்கு எண்ணூறு பேர் கதவைத் தட்டினார்கள்.

பின்னால் தப்பி வந்தவர்களை முன்னால் பூ போட்டுப் பிடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே தள்ளப்பட்டவர் மறுபடியும் எண்ணூறாவது ஆளாகப் போய் நின்றார்.

டோக்கன் கொடுக்கும் வேலையையும் அவள் அளந்தாள். ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு ஆனது.

ப்ரொஃபைலர் ஒரு படமும் வரைந்து கொடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிவப்புப் பட்டை. அதிக நேரம் தின்னும் வேலைக்கு நீளமான பட்டை. கம்பெனிக்காரன் ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்த நிர்வாகியின் பெயரையே வைத்திருந்தான். அதனால் பட்டைகளின்மேல் பெயர்கள் இருந்தன. ஜினி அதைப் பெரிய தாளில் அச்செடுத்து வியாழக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மேசைமேல் விரித்தாள். வெளியே முதல் மழை தூறிக்கொண்டிருந்தது.

“இந்தப் பக்கம் தொறக்க நேரமாகுது சார்,” என்றாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதில்லை. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எங்க நேரமாகுது?” என்றார் அனில்குமார். தன் கணினியைத் திருப்பி ஒரு தட்டு தட்டினார். பொற்கதிர் பளிச்சென்று திறந்தது. பூ விழுந்தது.

“அது உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு நகல் வச்சிருக்கு சார். காட்டுகதுக்காக.”

“நகலு இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா அசலு எப்பிடி இருக்கும்!” என்றார் தலைவர் ஆறுமுகப்பெருமாள். குழு தலையசைத்தது.

குமாரதாஸ் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைப் போட்டார். சட்டைப்பையில் அதே பேனா இருந்தது.

“இது நானா?”

“ஆமா சார். உங்க படம் இறங்க ஆகுற நேரம்.”

“பக்கத்துல இது ரசலையனா?”

“ஆமா சார்.”

குமாரதாஸ் ஸ்கேல் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள். அளந்தார். “எனக்குப் பதினாறு சென்டிமீட்டர்,” என்றார். “அவருக்குப் பதினொண்ணு.” நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் நிறைவு.

ரசலையன் எழுந்தார். “மூணு வருஷமா ஒண்ணுபோலன்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு. உள்ளுக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் வெட்டிப்புட்டாங்க. இந்தப் பிள்ள வந்து அளக்கப்போயி வெளிய வந்துது. இல்லேங்கி நான் அறிஞ்சிருப்பேனா?” ஜினியைப் பார்த்துக் கைகூப்பினார். “நீ நல்லா இருப்ப மோளே.”

“இல்ல சார், நீளமா இருந்தா அது கொற. சின்னதா இருக்கதுதான் நல்லது.”

ரசலையன் கூப்பிய கையை இறக்கினார்.

“அப்போ,” என்றார் குமாரதாஸ் மெதுவாக, “என்னச் சின்னதாக்கணும்னு சொல்லுதியா?”

அந்த நேரத்தில்தான் தலைவர் தன் பட்டையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. அவர் பாஸ்போர்ட் அளவுப் படம் கொடுத்திருந்தார். அரை சென்டிமீட்டர்.

“தலைவருக்கு அரை சென்டிமீட்டரா?” என்றார் அனில்குமார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

தலைவர் எழுந்து பேசினார். அவர் நல்ல பேச்சாளர். “விவசாயி காத்திருக்கான், காத்திருக்கான்னு இந்தக் கொச்சுப் பிள்ள சொல்லுது. காத்திருக்கதுதான்டே விவசாயம். வெதச்சவன் மறுநாளே அறுக்கானா? நாலு மாசம் மண்ணப் பாத்துட்டு இருக்கவனுக்கு நாலு நிமிஷம் நம்ம முகத்தப் பாக்க முடியாதா? வேகமா தொறந்தா வேகமா டோக்கன் எடுப்பான், வேகமா போயிருவான். பின்ன அவனுக்கும் கூட்டமைப்புக்கும் என்ன உறவு இருக்கு? இந்த அஞ்சு நிமிஷம்தான் நமக்கும் அவனுக்கும் உள்ள உறவு.” மேசையிலிருந்த தாளைத் தட்டினார். “இதுல தலைவன் அரை சென்டிமீட்டர்ல நிக்கான். அந்த உறவு எப்பிடி வளரும்?”

கை தட்டினார்கள். ஜினியும் தட்ட வேண்டியதாயிற்று.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. துணைத்தலைவர்கள் இருவருக்கும் பதினாறு சென்டிமீட்டர். தலைவருக்கு இருபது. தாமதத்தைக் கண்காணிக்க ஒன்பது பேர் கொண்ட ‘வேக உபகுழு’. அந்த ஒன்பது பேரின் படமும் பக்கத்தில் சேரும்.

“தலைவரோட படம் சின்னது சார்,” என்றாள் ஜினி. “அத வச்சு இருபது ஆக்க முடியாது. நடுவுல சும்மா நிக்க வச்சாத்தான் ஆகும்.”

“சும்மா நிக்கதுன்னா?”

“ஒரு வேலையும் செய்யாம, நேரம் மட்டும் போகும்.”

“அதுக்கென்ன,” என்றார் தலைவர். “செய்யலாமே.”

வெள்ளிக்கிழமை மாலை அவள் அதைச் செய்து முடித்தாள். தலைவருக்காக ஒன்றும் செய்யாமல் ஆறு நொடி நிற்கும்படி ஒரு வரி எழுதினாள். அது அவள் எழுதியதிலேயே பிழையில்லாத வரி. சோதித்தபோது ஆறு நொடியும் சரியாக நின்றது. அனில்குமார் பார்த்துவிட்டு, “கிளியர்,” என்றார். ஜினி கழிப்பறைக்குப் போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். பிறகு இன்னொரு முறை கழுவினாள்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் செல்வதாஸ் வெள்ளைச் சட்டையோடு களத்துக்குப் போனார். ஜினியும் போனாள். தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார்.

“தொட்டுப் பாரு.”

நெல் சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல.

“இன்னும் ரெண்டு நாளு தாங்கும்,” என்றார். “அதுக்கு மேல மொளச்சுரும். ஏட்டி, நான் ஒங்கிட்ட கோவப்பட்டு வெப்ராளப்படல்ல. ஒனக்க ஆபீஸுல எல்லாரும் படிச்சவங்கதானே. நெல்லு நனஞ்சா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஜினி தார்ப்பாயை இழுத்து மூடினாள். அவளுக்கும் அது தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் எட்டரைக்கே அலுவலகம் போனாள். வீடியோவை எடுத்தாள். பூவை நிறுத்தினாள். இருபத்தாறு பேரையும் உபகுழு ஒன்பது பேரையும் தலைவருக்காக நின்ற ஆறு நொடியையும் எடுத்தாள். சர்வரில் முகக் கணக்கை எடுத்தாள். கதவு திறந்தது. மிஞ்சியது ஒரு வெள்ளைப் பக்கம். அதில் பெயர், எண், டோக்கன் பொத்தான். அளந்து பார்த்தாள். ஒன்று புள்ளி எட்டு நொடி.

பத்து மணி ஆறு நிமிடத்தில் நாற்பது டோக்கனும் தீர்ந்தன. பத்தே காலுக்குப் போன் வந்தது.

“மக்கா, இருபத்திமூணு! நாளைக்குக் காலத்த ஒம்பது மணின்னு போட்டிருக்கு. பூ வரல்ல, ஒரு சவமும் வரல்ல. பட்டுன்னு வந்துது. இது அசலுதானா?”

“அசலுதான்பா.”

அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் அனில்குமாரின் கணினியிலிருந்த நகலைத்தான் பார்ப்பார்கள். அதில் பூ விழுந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு, தோவாளை போகும் சாலையிலுள்ள கிட்டங்கி வாசலில் நாற்பது வண்டிகள் வந்து நின்றன. டெம்போ, டிராக்டர், இரண்டு லாரி. மூன்று வருடத்தில் இப்படி நடந்ததில்லை. காவலாளி பயந்துபோய்க் கேட்டைப் பூட்டினார். அனில்குமார் தக்கலையிலிருந்து காரில் பறந்து வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, கிட்டங்கிக் கதவின் பூட்டுக்குச் சாவி தேடினார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது, கல்லால் தட்டித் திறந்தார்கள்.

உள்ளே எடை மெஷின் இல்லை. சாக்கு இல்லை. தரையிலிருந்து கூரைவரை ஃபிளெக்ஸ் பேனர்கள் அடுக்கியிருந்தன. திறப்புவிழா, முதலாண்டு விழா, இரண்டாமாண்டு விழா, மூன்று பேரிடமிருந்து வெற்றிகரமாகக் கொள்முதல் செய்த விழா. எல்லாவற்றிலும் இருபத்தாறு முகங்கள்.

“நெல்ல எங்க சாரே எறக்கணும்?” என்று கேட்டார் செல்வதாஸ்.

அனில்குமார் அவரைப் பார்க்கவில்லை. டெம்போவின் அருகே நின்ற ஜினியைப் பார்த்தார்.

“நீ என்னத்த செஞ்ச?”

“படங்கள எடுத்தேன் சார்.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

அனில்குமாரின் முகம் வெளிறியது. குரலைத் தாழ்த்தினார். “யார முதல்ல எடுத்த? குமாரதாஸ் சாரையா, ரசலையன் சாரையா?”

பிறகு ஓரமாகப் போய்த் தலைவரிடம் போனில் பேசினார். திரும்பி வந்து வண்டிகளைப் பார்த்து அறிவித்தார். நேற்று பொற்கதிர் இயல்பான வேகத்தில் திறக்கவில்லை. சந்தேகத்துக்கிடமான வேகத்தில் திறந்திருக்கிறது. எனவே நாற்பது டோக்கனும் ரத்து. விவசாயிகள் பழைய வேகம் திரும்பியதும் மீண்டும் முயலலாம்.

“வேகமா கிட்டினா அது டோக்கன் இல்லியா?” என்று டிராக்டரில் தன் நெல்லோடு வந்திருந்த பகவதி கேட்டாள். “எனக்கு ஆம்பளத் தொணையும் இல்ல, இந்தப் படங்கள்ல மாப்பிள தேடி வரவும் இல்ல. நெல்ல எறக்க வந்திருக்கேன். எறக்குங்க ஓய்.”

அனில்குமார் கூட்டமைப்பின் விதிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்போது மழை வந்தது. தூறல் அல்ல, மலையிலிருந்து ஒரே பாட்டமாக இறங்கியது. தார்ப்பாய்கள் ஒழுகின. சிலரிடம் தார்ப்பாயே இல்லை. பகவதி டிராக்டரிலிருந்து குதித்துக் கிட்டங்கிக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த பேனரைச் சட்டத்தோடு உருவினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள்.

“மடக்காதீங்க!” என்று அனில்குமார் மழையில் நின்று கத்தினார். “முகத்துல மடிப்பு விழும்! தலைவர மடக்காதீங்க!”

செல்வதாஸுக்குக் கிடைத்தது இருபதடிப் பேனர். டெம்போவை மூடியது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாற்பது வண்டிகளும் வந்த வழியே போயின. அன்று சாலையில் கூட்டமைப்பின் நிர்வாகிகள் எல்லாரும் நனைந்துகொண்டே ஊர்வலம் போவதைப் பார்த்தவர்கள், ஏதோ விழா என்று நினைத்தார்கள்.

ஜினியை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டமைப்பின் வாட்ஸாப் குழுவிலிருந்து அவளை நீக்கக் குழுத் தீர்மானம் வேண்டும். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். அதனால் குழுவில் மட்டும் இருந்தாள். பொற்கதிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டதாக அதில் படித்தாள். பூ வியாழக்கிழமை திரும்பி வந்தது.

மழை நான்கு நாள் நிற்கவில்லை. சனிக்கிழமை காலை சற்று வெளுத்தபோது அப்பாவும் மகளும் களத்துக்குப் போனார்கள். குவியலை மூடியிருந்த பேனரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். புளித்த வாடை வந்து முகத்தில் அடித்தது. நெல் முழுவதும் முளைத்திருந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, குவியல் பாய்போல ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே விரற்கடை உயரத்துக்குப் பச்சை முளை.

செல்வதாஸ் ஒரு பிடியைப் பிய்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“தாராவுக்குத் தீனியாப் போடலாம்,” என்றார்.

ஜினியின் போன் அடித்தது. அனில்குமார்.

“மோளே, ஒரு சங்கடம். அண்ணைக்கு யாரோ எடுத்த போட்டோ ஊரெல்லாம் சுத்துது. உங்க அப்பாக்க டெம்போல ரசலையன் சாரு மேல பாத்து இருக்காரு. குமாரதாஸ் சாரு தலகீழா தொங்குதாரு. அவரு ராஜினாமா செய்யப் போறாராம். நீ அந்தப் பேனர நெடுக விரிச்சு, ரெண்டு பேரும் ஒண்ணுபோல தெரியுத மாதிரி ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டுரு.”

“நெல்லு மொளச்சுப் போச்சு சார்.”

“அது செரி,” என்றார் அனில்குமார். “போட்டோ எப்ப வரும்?”

“யாருட்டி?” என்று செல்வதாஸ் கேட்டார்.

“ஆபீஸுப்பா.”

“நெல்லப் பத்திக் கேட்டாரா?”

அவள் போனை வைத்தாள். அப்பாவின் கையிலிருந்த பிடியை அருகே போய்ப் படம் எடுத்தாள். சேறு படிந்த விரல்கள், வெள்ளை வேர், பச்சை முளை. ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டாள். அது ஒரு நொடியில் போய்விட்டது.

முதலில் பதில் எழுதியவர் தலைவர்.

‘பச்சைப் பசேலென்று இருக்கிறது. நல்ல விளைச்சல். கூட்டமைப்பின் உழைப்புக்குக் கிடைத்த பலன். வாழ்த்துகள்.’

அதன் கீழே கட்டைவிரல்கள் வரத் தொடங்கின. குமாரதாஸின் கட்டைவிரல் முதலில் வந்தது. உடனே ரசலையன் இரண்டு போட்டார்.